சேற்றில் வைக்கப்பட்ட அமானிதம்





எமது நிகழ்ச்சிக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை இன்றைய உரைக்காக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதை எழுதியவர் புத்தளம் களப்பின் ஓரத்தில் வாழும் ஒரு தந்தை. தமது பெயரையோ ஊரையோ சொல்ல வேண்டாம் எனக் கேட்டிருப்பதால் அவற்றைத் தவிர்த்துக்கொள்கிறேன். விடயம் இதுதான். அவருடைய குடும்பத்திற்குக் களப்போரத்தில் ஐந்து ஏக்கர் காணி உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊரெல்லாம் இறால் பண்ணை மோகம் பிடித்திருந்தபோது, அதில் பாதியை வெட்டிக் குளங்கள் அமைத்தார்கள். சில வருடங்கள் நல்ல வருமானம் கிடைத்தது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. இரவோடிரவாக இறால்கள் செத்து மிதந்தன. நகைகளை அடகு வைத்தும் கடனை அடைக்க முடியவில்லை. அன்று கைவிடப்பட்ட குளங்கள் உப்புப் பூத்து இன்றும் அப்படியே கிடக்கின்றன. மீதியுள்ள இரண்டரை ஏக்கரில் கண்டற்காடு நிற்கிறது.

இப்பொழுது மூத்த மகன் எட்டு வருடங்கள் கட்டாரில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. திரும்பவும் வெளிநாடு செல்ல மனமில்லை. பழைய குளங்களின் மண் கெட்டுவிட்டதால், எஞ்சியுள்ள கண்டற்காட்டை வெட்டிப் புதிய குளங்கள் தோண்ட வேண்டும் என்கிறார். தந்தைக்கு மனம் வரவில்லை. தொழுகையும் ஒழுக்கமும் உள்ள அந்தப் பிள்ளை சொன்ன வார்த்தைகளைத் தந்தை அப்படியே எழுதியிருக்கிறார்: "வாப்பா, நான் வெட்டுகின்ற மரங்களுக்கு இரண்டு மடங்கு மரங்களை வேறொரு கரையில் நட்டுக் கொடுக்கிறேன். மரம் நடுவது ஸதகா என்று நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள்? அப்படியென்றால் கணக்கு நேராகிவிடுகிறதல்லவா?"

தந்தை எம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான். கணக்கு நேராகிறதா?

நான் ஓர் ஆலிம் அல்லன். பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவன். மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மகன் பேசுவது கணக்கைப் பற்றி. கணக்கென்றால் என்னால் பார்க்க முடியும். இரண்டரை ஏக்கர் என்பது ஏறத்தாழ ஒரு ஹெக்டேயர். விஞ்ஞானிகள் கண்டலை அளப்பதும் ஹெக்டேயரில்தான் என்பதால் நமக்கு வேலை இலகுவாகிறது.

முதலில், களப்போரத்தில் நடந்து பழகியவர்கள் ஒரு வாசனையை நினைத்துப் பார்க்க வேண்டும். கண்டற் சேற்றில் கால் புதைந்தால் அழுகிய முட்டையின் நாற்றம் எழும்பும். சிறு வயதில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்போம். அந்த நாற்றம்தான் இந்தக் கணக்கின் திறவுகோல். மலைநாட்டுக் காடொன்றில் ஓர் இலை விழுந்தால், நுண்ணுயிர்களும் பூச்சிகளும் அதை விரைவில் தின்று தீர்த்துவிடுகின்றன. இலை வளர்ந்தபோது காற்றிலிருந்து எடுத்த காபன், காபனீரொட்சைட்டு வாயுவாகக் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. கண்டற் சேற்றில் அப்படி நடப்பதில்லை. மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீற்றர் கீழே சென்றதும் அங்கே ஒட்சிசன் கிடையாது. ஒட்சிசன் இல்லாமல் வாழக்கூடிய நுண்ணுயிர்கள் மாத்திரமே அங்கு வேலை செய்கின்றன. அவற்றின் வேலை மிக மந்தமானது. கடல்நீரிலுள்ள சல்பேற்றைக் கொண்டு அவை சுவாசிக்கும்போது வெளிவருவதுதான் அந்த நாற்ற வாயு. ஆகவே விழுந்த இலையும், செத்த வேரும், ஆற்றுநீர் கொண்டுவந்து சேர்த்த வண்டலும் முழுமையாக உக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகொண்டே செல்கின்றன. நன்னீர்ச் சதுப்பில் இவ்வாறு நடந்தால் மெதேன் வாயு பெருமளவில் உண்டாகும். உவர்நீரில் சல்பேற்று இருப்பதனால் அது பெரிதும் கட்டுப்படுகிறது. நாம் மூக்கைப் பொத்திக்கொண்ட இடத்தில் படைத்தவன் இப்படியொரு ஏற்பாட்டை வைத்திருக்கிறான்.

எவ்வளவு சேர்கிறது? இந்து சமுத்திரத்திலிருந்து மேற்குப் பசிபிக் வரை 25 இடங்களில் கண்டற்காடுகளை அளந்த ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. ஒரு ஹெக்டேயரில் சராசரியாக ஆயிரம் தொன் அளவு காபன் இருப்பதாக அது கண்டது. வெப்பவலயத்தின் ஏனைய காடுகளை விட இது பல மடங்கு அதிகம். அதைவிட முக்கியமான செய்தி, அந்தக் காபனில் பாதி முதல் ஏறத்தாழ முழுவதும் வரை மண்ணுக்குள்ளேயே இருந்தது என்பது. மரத்தில் இருந்தது சிறு பங்குதான். மகன் எண்ணிக்கொண்டிருப்பது மரங்களை. பெட்டகத்தின் மூடியை எண்ணிவிட்டு உள்ளே உள்ளதை எண்ணாமல் விடுவது போன்றது அது.

நமது புத்தளம் வறண்ட பிரதேசம். இங்குள்ள கண்டல்கள் இந்தோனேசியாவின் பெருங்காடுகளைப் போல ஓங்கி வளர்வதில்லை. ஆகவே ஆயிரம் தொன் என்ற அளவை இங்கே அப்படியே பொருத்துவது நியாயமாகாது. மகன் பக்கம் சாய்ந்தே கணக்குப் பார்ப்போம். அதைப் பாதியாக்கி ஐந்நூறு தொன் என்று வைத்துக்கொள்வோம். குளம் வெட்டும்போது அதிலும் பாதிதான் காற்றில் கலக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 250 தொன். காபன் ஒட்சிசனோடு சேரும்போது எடை கூடும். ஒரு தொன் காபன் 3.67 தொன் காபனீரொட்சைட்டாகிறது. எனவே மொத்தம் 900 தொன்னுக்கு மேல் வருகிறது.

இந்த எண் பலருக்கு ஒன்றையும் உணர்த்தாது என்பதை நான் அறிவேன். வீட்டு முற்றத்தில் நிற்கும் முச்சக்கர வண்டியை வைத்துப் பார்ப்போம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளிவருகிறது. ஒரு வண்டி வெள்ளிக்கிழமையும் விடாமல் நாளொன்றுக்கு மூன்று லீற்றர் எரிக்கிறதென்றால், அந்த 900 தொன்னை வெளியிட அதற்கு 360 வருடங்கள் அளவில் எடுக்கும். ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கியது 1667இல். அதற்கு முன்பிருந்தே ஒரு வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பெக்கோ இயந்திரம் ஒன்று அந்தக் காணிக்குள் இறங்கினால் வெட்டு வேலை சில நாட்களில் முடிந்துவிடும். கிளறிய சேறு வெயிலிலும் காற்றிலும் கிடந்து சில வருடங்களில் தன் பெரும்பங்கை இழந்துவிடும்.

கோட்டையைச் சொன்னதும் இன்னொரு பழைய செய்தியும் நினைவுக்கு வருகிறது. மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344இல் நமது புத்தளத்தில்தான் கரையேறினார். ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்ததை அவர் வியந்து எழுதியிருக்கிறார். கண்டற் சேறு வருடத்திற்கு இரண்டு மில்லிமீற்றர் படிகிறதென்று வைத்துக்கொண்டால், அவர் கரையேறிய காலத்துச் சேறு இன்று 1.3 மீற்றர் ஆழத்தில் இருக்கும். இறால் குளத்தின் ஆழமும் ஏறத்தாழ அவ்வளவுதான். பெக்கோவின் கரண்டி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எத்தனை தலைமுறைகளின் சேமிப்பை அள்ளி வரம்பில் கொட்டுகிறது என்பதை இளைஞர்கள் யோசித்துப் பார்க்கலாம். ஓர் அநாதையின் சொத்துக்குப் பொறுப்பானவர் அதன் முதலில் கைவைப்பதை நாம் எவ்வளவு பாரதூரமாகக் கருதுகிறோம்! இந்தச் சேற்றின் வாரிசுகளில் பெரும்பாலானோர் இன்னும் பிறக்கவில்லை.

சரி, மகன் இரு மடங்கு நடுவதாகச் சொல்கிறாரே, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? சேர்ப்போம். நன்றாக வளர்ந்த கண்டற்காடு ஒன்று மண்ணுக்குள் வருடத்திற்கு ஹெக்டேயருக்கு 2 தொன் அளவில் காபனைப் புதைக்கிறது. இரு மடங்கு நட்டால் 4 தொன். நட்ட மறுநாளே அவை முதிர்ந்த காடுபோல வேலை செய்யத் தொடங்கினாலும், இழந்த 250 தொன்னை மண்ணில் மீண்டும் சேர்க்க அறுபது வருடங்களுக்கு மேல் செல்லும். மரங்களின் உடலில் சேர்வதையும் கூட்டினால் காலம் சற்றுக் குறையும். இத்தனையும் நட்ட கன்றுகள் அனைத்தும் பிழைத்தால்தான்.

அவை பிழைக்கின்றனவா? 2004 சுனாமிக்குப் பின்னர் நமது நாட்டின் கரையோரங்களில் எத்தனையோ நிறுவனங்கள் கண்டல் நட்டன. பாடசாலைப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படமெடுத்தார்கள். என் மாணவர்களும் அவ்வாறு போய் நட்டிருக்கிறார்கள், நானும் கூடவே நின்றிருக்கிறேன். பின்னர் ஆய்வாளர்கள் 23 இடங்களுக்குச் சென்று பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல் நடப்பட்டிருந்தது. வெற்றியடைந்தது 200 ஹெக்டேயர் அளவுதான். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நாங்கள் நட்ட இடத்திற்கு நான் இரண்டு வருடங்கள் கழித்துப் போனேன். ஆடுகள் நின்றன.

இதற்குக் காரணம் யாருடைய நிய்யத்தும் கெட்டிருந்ததல்ல. நமது நாட்டில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆதலால் கண்டலுக்கு ஒரு சாண் உயர வித்தியாசமே வாழ்வுக்கும் சாவுக்கும் உள்ள இடைவெளி. எப்போதும் நீர் நிற்கும் இடத்தில் நட்டால் கன்று மூச்சுத் திணறிச் சாகும். நீர் வராத மேட்டில் நட்டால் உப்பேறிக் கருகும். முருங்கைக்காய் போன்ற நீண்ட முளை எளிதில் கிடைப்பதாலும், குத்தினால் நிற்பதாலும், எல்லா இடங்களிலும் அந்த ஒரே இனக் கண்டலையே நட்டார்கள். பென்சில் போன்ற மூச்சு வேர்களை நீட்டும் வெண்கண்டல் வளர வேண்டிய உவர் மேட்டிலும் அதுவே குத்தப்பட்டது. நட்ட பின்னர் போய்ப் பார்த்தவர்களும் குறைவு. அந்த ஆய்வின் அளவுப்படி ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்று கொண்டால், மகனின் இரு மடங்கு, அரை மடங்கிலும் குறைந்துவிடுகிறது. அறுபது வருடம் என்ற கணக்கு முந்நூறைத் தாண்டிவிடுகிறது.

ஆகவே அந்தத் தந்தைக்கு என் பதில்: கணக்கு நேராகவில்லை. மரம் நடுவது ஸதகா என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒருவருடைய பெட்டகத்தை உடைத்துவிட்டு ஸதகா கொடுப்பதாகச் சொன்னால் அது வேறு விடயம்.

இன்னொரு செய்தியையும் மகன் அறிந்துகொள்வது நல்லது. இது அவருடைய பணத்தைப் பற்றியது. பழைய குளங்களின் மண் ஏன் கெட்டது என்று அவர் யோசித்தாரா? கண்டற் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கனிப்பொருள் உறங்கிக்கொண்டிருக்கும். சேறு நீருக்குள் மூடியிருக்கும்வரை அதனால் தீங்கில்லை. தோண்டிக் காற்றில் போட்டால் அது ஒட்சிசனோடு சேர்ந்து சல்பூரிக் அமிலமாகிறது. குளத்து வரம்புகளில் செம்மஞ்சள் கறை படிந்திருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் அடையாளம் அதுதான். மழை பெய்யும்போது அந்த அமிலம் குளத்துக்குள் வடிந்து இறாலை வாட்டுகிறது. வாடிய உயிரினத்தை நோய் எளிதில் பிடிக்கிறது. மூடை மூடையாகச் சுண்ணாம்பு கொட்டியவர்களுக்கு இது தெரியும். புதிதாக வெட்ட நினைக்கும் இரண்டரை ஏக்கரும் அதே களப்பின் அதே சேறுதான். எட்டு வருட உழைப்பை அதில் போடுவதற்கு முன் மண்ணைப் பரிசோதித்துப் பார்க்கட்டும். அத்துடன் உறுதி கையில் இருப்பது மட்டும் போதாது. கரையோர வலயத்துக்குள் இவ்வாறான வேலைகளுக்கு 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்றாக வேண்டும்.

பண்ணையின் கதை வரம்போடு முடிவதுமில்லை. அதிலிருந்து வெளியேறும் கலங்கல் நீர் களப்புக்குத்தான் செல்கிறது. அங்கே நீருக்கடியில் கடற்புல் வெளிகள் இருக்கின்றன. கடற்பாசி வேறு, கடற்புல் வேறு. கடற்புல்லுக்கு வேர் உண்டு, பூ உண்டு, விதை உண்டு. வயல் நெல்லைப்போல வெளிச்சம் தேடும் தாவரம் அது. ஓரா மீனும், இறால் குஞ்சும், நண்டும் வளர்வது அதற்குள்ளேதான். மன்னார்ப் பக்கம் எஞ்சியிருக்கும் கடற்பசுக்கள் மேய்வதும் அதைத்தான். கண்டலைப் போலவே கடற்புல்லும் தன் வேரடியில் காபனைப் பூட்டி வைக்கிறது. மத்தியதரைக் கடலின் சில இடங்களில் அந்த வேர்ப்படுக்கை பல மீற்றர் தடிப்பும் ஆயிரக்கணக்கான வருட வயதும் கொண்டது. நீர் கலங்கி வெளிச்சம் குறைந்தால் புல் சாகிறது. இழுவைமடி வலை அடியைச் சுரண்டினால் வேரோடு பெயர்கிறது. 2017இல் நமது நாட்டில் அந்த முறையைச் சட்டத்தால் தடை செய்ததற்கு மீன்வளம்தான் காரணம் என்றாலும், அதன் பயன் இந்தப் புல்வெளிகளுக்கும் உரியது.

புல் செத்தால் என்ன நடக்கும் என்பதை அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள ஷார்க் குடா காட்டியது. 2010இன் இறுதியிலும் 2011இன் தொடக்கத்திலும் அங்கே கடல்நீர் அளவு மீறிச் சூடேறியது. புல்வெளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாதிக்கப்பட்டது. அடுத்த மூன்று வருடங்களில் 20 இலட்சம் முதல் 90 இலட்சம் தொன் வரை காபனீரொட்சைட்டு அங்கிருந்து வெளியேறியிருக்கலாம் என 2018இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அது பாதுகாக்கப்பட்ட பகுதி. அந்தப் புல் செத்ததற்கு வலையோ மண்வெட்டோ காரணமல்ல. எங்கோ எரித்த எரிபொருளின் சூடு கடல்வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. உலகெங்கும் பதிவுகள் கிடைக்கும் 1879ஆம் ஆண்டு முதல், அறியப்பட்ட கடற்புல் பரப்பில் 29 வீதம் அழிந்துவிட்டது என்று 2009ஆம் ஆண்டு மதிப்பீடொன்று கூறுகிறது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கண்டலும் கடற்புல்லும் உலகத்தின் வெப்பத்தைத் தணித்துவிடும் என்று மேடைகளில் பேசுவது மிகைப்பேச்சு. நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிவதால் வருடத்திற்கு மூவாயிரத்தைந்நூறு கோடி தொன்னுக்கு மேல் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. அதன் முன்னால் கரையோரத்து இந்த மெல்லிய பச்சைக் கோடு சிறியதுதான். புத்தளத்து ஏழைத் தந்தை ஒருவர் தம் காணியைக் காத்துக்கொள்வதால் பெரிய நாடுகளின் பொறுப்பு நீங்கிவிடாது. ஆனாலும் இருக்கும் சேமிப்பைத் திறந்துவிட்டு அந்தத் தொகையை நாமே கூட்டுவதற்கு இது நியாயமாகாது.

மகனின் தொழிலுக்கு வழி என்ன என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீட்டில் தங்கி ஹலாலாக உழைக்க விரும்பும் பிள்ளையைத் திரும்பவும் விமானம் ஏற்றிவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் யோசனை அந்தக் கைவிடப்பட்ட குளங்களைப் பற்றியது. இறந்த நிலத்தை உயிர்ப்பிப்பவரைப் பற்றி நமது ஃபிக்ஹ் நூல்கள் தனியாகவே பேசுகின்றன. அந்தக் குடும்பத்தின் ஐந்து ஏக்கரில் இறந்த நிலம் எது? நாற்றம் வீசும் கண்டற் சேற்றையே பயனற்ற நிலமென்று நம்மவர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். உண்மையில் செத்துக் கிடப்பது உப்புப் பூத்த குளங்கள்தான்.

அவற்றை உயிர்ப்பிக்கக் கன்றுகள் வாங்க வேண்டியதில்லை. வரம்பைச் சரியான இடங்களில் உடைத்து, பழைய வாய்க்காலைத் திறந்து, களப்பு நீர் வந்து போக வழி செய்தால், அருகில் நிற்கும் கண்டலின் விதைகள் தாமே மிதந்து வந்து தமக்குரிய உயரத்தில் ஊன்றிக்கொள்ளும். சிலாபத்துக்கு வடக்கே ஆனைவிழுந்தான் சரணாலயத்தில் கைவிடப்பட்ட இறால் குளங்களை மீட்பதற்கு இந்த வழியைத்தான் கையாண்டார்கள். இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சிகளை ஐக்கிய நாடுகள் சபை 2024இல் உலகின் முன்மாதிரிகளுள் ஒன்றாக அறிவித்தது. விதை வருவதற்குத் தாய்மரம் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு அது காணிக்குள்ளேயே நிற்கிறது, வெட்டாமல் விட்டால்.

வருமானமும் முற்றாக இல்லாமல் போவதில்லை. கண்டல் நீரோட்டத்தில் கூடு வைத்துச் சேற்று நண்டு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நமது நாட்டு நண்டுக்குச் சிங்கப்பூரில் நல்ல விலை உண்டு. குளத்து இறாலைப்போல அள்ளிக் கொட்டாது, பொறுமை வேண்டும். கென்யாவில், முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் க்வாலே மாவட்டக் கரையில், காஸி என்ற ஊர் மக்கள் 117 ஹெக்டேயர் கண்டலைக் காத்து, அதன் காபன் பெறுமதியை வெளிநாடுகளுக்கு விற்று, கிடைத்த பணத்தில் ஊருக்குக் குடிநீரும் பாடசாலைக்குப் புத்தகங்களும் பெற்றுக்கொண்டார்கள். பெரிய தொகையல்ல, ஊரார் கூடி முடிவெடுத்த தொகை. இவ்வாறான ஒப்பந்தங்களோடு நமது ஊர்களுக்கும் யாராவது வந்தால், பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் படித்த இளைஞர்களும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் வாசித்த பின்னரே கையொப்பம் இடுங்கள்.

கடிதம் எழுதிய அன்புத் தந்தையே! வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் நீங்களும் மகனும் ஒரு காலைப்பொழுதில் அந்தப் பழைய குளங்களுக்குச் சென்று, களப்பு நீர் எந்த மூலையால் உள்ளே வர முனைகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வரம்பின் அடியில் வெண்கண்டல் முளை தலைகாட்டியிருக்கிறது என்பவற்றைப் பார்த்து எமக்கு எழுதுங்கள். கன்று வாங்க மகன் ஒதுக்கிய பணத்தை இப்போதைக்கு அவரிடமே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் அடுத்த கடிதம் கிடைத்ததும், இன்ஷா அல்லாஹ், இதே நேரத்தில் மீண்டும் பேசுவோம்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.